மாடியில் ஒரு வாசனைத் தோட்டம்

வாசனைத் தைலம் செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேரே நர்சரிக்குப் போகிறார்கள். முகர்ந்து பார்த்து, மணக்கிற செடியையெல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஆறு மாதம் கழித்து மாடி நிறையப் பூ இருக்கும். குப்பியில் ஒன்றும் இருக்காது. இந்த அத்தியாயம் அந்த வரிசையை மாற்றச் சொல்கிறது. மணத்தை எப்படிப் பிடிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். செடி அதற்குப் பிறகு.

வீட்டில் செய்யக்கூடிய வழிகள் மூன்று. பூவின் மணத்தைக் கெட்டியான கொழுப்பில் ஏற்றலாம். நீராவியில் வடிக்கலாம். காய்ந்த இலையையும் வேரையும் எண்ணெயில் ஊறப்போடலாம். எல்லாச் செடியும் எல்லா வழிக்கும் ஒத்துவராது. மல்லியை நீராவியில் வடித்தால் வேகவைத்த கீரை வாடைதான் மிஞ்சும். வெட்டிவேரைக் கொழுப்பின் மேல் பரப்பி வைத்தால் எதுவும் நடக்காது. பச்சௌலி இலையைப் பறித்த உடனே எண்ணெயில் போட்டால் தழை வாசம்தான் வரும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் சின்னக் குப்பியில் விற்கிற சுத்தமான பூ எண்ணெய் வீட்டில் கிடைக்காது. சத்தியமங்கலம், நிலக்கோட்டைப் பக்கம் பூ விலை சரியும்போது மூட்டை மூட்டையாகச் செண்ட் ஃபேக்டரிக்குப் போகுமே, அங்கே ஹெக்சேன் என்ற கரைப்பானை வைத்து மணத்தைப் பிரிக்கிறார்கள். ஆயிரம் கிலோ பிச்சிப் பூவுக்கு மூன்று கிலோ அளவில் மெழுகு மாதிரி ஒரு பொருள் கிடைக்கும். அதைச் சாராயத்தில் கழுவி எடுத்தால் அதிலும் பாதிதான் தேறும். ரோஜா எண்ணெய் ஒரு கிலோ வேண்டுமென்றால் மூன்று, நான்கு டன் பூ வேண்டும். ஹெக்சேன் சட்டென்று தீப்பிடிக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். நமக்குக் கிடைக்கப் போவது மணம் ஏறிய கொழுப்பு, மணம் ஏறிய எண்ணெய், வடித்த நீர். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அழகான வேலை செய்யலாம்.

பூக்கடையில் வாங்கி இதையெல்லாம் செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம்தான். ஆனால் சந்தைக்கு வரும் ரோஜாவிலும் மல்லியிலும் மருந்து அடித்திருப்பார்கள். வாடாமலிருக்க நீரும் தெளித்திருப்பார்கள். மருந்து எண்ணெயில் இறங்கும். ஈரம் எண்ணெயைக் கெடுக்கும். வீட்டில் வளர்ப்பதற்கு இந்த இரண்டு காரணங்களே போதும். பறிக்கும் நேரம் நம் கையில் இருக்கிறது என்பது மூன்றாவது. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய காரணம்.

மல்லி: பறித்த பிறகும் மூச்சு விடும் பூ

சமவெளியில் இருப்பவர் ஒரே ஒரு செடிதான் வைக்க முடியும் என்றால் குண்டுமல்லி வையுங்கள். பெரும்பாலான பூக்கள் செடியை விட்டு வந்ததும் மணம் உண்டாக்குவதை நிறுத்திவிடுகின்றன. அதுவரை இருந்த மணத்தைத்தான் இழந்துகொண்டிருக்கும். மல்லி, பிச்சி, சம்பங்கி ஆகியவை அப்படியில்லை. பறித்த பிறகும் பல மணி நேரம் புதிதாக மணம் சுரந்துகொண்டே இருக்கும். காலையில் மொட்டாக வாங்கிய சரம் சாயங்காலம் தலையில் விரிந்து மணப்பது அதனால்தான். பிரான்சின் கிராஸ் நகரத்தில் மல்லிகையை வேகவைக்காமல் கொழுப்பின் மேல் பரப்பி வைத்ததும் இதை அறிந்துதான்.

2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இந்தக் குண்டுமல்லிதான். கன்றுகள் பெரும்பாலும் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வருகின்றன. தங்கச்சிமடம் பக்கத்து மணல் பாங்கான நிலத்தில் பதியம் போட்டு, கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். நர்சரியில் வாங்கும்போது பூத்திருக்கும் செடியைத் தேடாதீர்கள். தூரிலிருந்து மூன்று நான்கு கிளை பிரிந்த, இலையில் வெளிர் மஞ்சள் இல்லாத கன்றாகப் பாருங்கள். அடுக்கு மல்லி பார்க்க அழகு. ஆனால் இதழ் அதிகம் இருப்பதால் ஈரம் உள்ளே தங்கும்; கொழுப்பில் போட ஒற்றை அடுக்கே மேல்.

பதினைந்து அங்குலத்துக்குக் குறையாத தொட்டி அல்லது பை வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழு உரமோ ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. அடியில் ஓட்டை அடைபடாமல் ஓட்டாஞ்சில்லு போடுங்கள். மொட்டை மாடியின் முழு வெயில் மல்லிக்குப் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயிலாவது இல்லையென்றால் இலைதான் வரும். நிழல்வலை இதற்கு வேண்டாம். தழைச்சத்து அதிகமாகக் கொடுத்தாலும் இதே கதைதான்: கொடி மாதிரி நீண்டு போகும், மொட்டு இருக்காது. மாதம் ஒரு முறை கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றினால் போதும்.

கவாத்துதான் மல்லியின் உயிர். நவம்பர் கடைசியில், மழை ஓயும் நேரத்தில், சில நாள் தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் எல்லாக் கிளைகளையும் வெட்டி, காய்ந்ததையும் உள்பக்கம் நெருக்குவதையும் எடுத்துவிடுங்கள். இலையையும் உருவிவிடலாம். முதல் முறை செய்கிறவருக்குக் கை நடுங்கும். செடியைக் கொன்றுவிட்டோமோ என்று தோன்றும். மார்ச்சில் பதில் கிடைக்கும். முல்லைக்குக் கவாத்து ஜனவரி கடைசியில், பிச்சிக்கு டிசம்பர் கடைசியில். பிச்சியைக் கொஞ்சம் உயரமாக, இடுப்பளவில் வெட்டுவது வழக்கம்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு ஐந்து கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து இலையில் தெளியுங்கள். மொட்டு ஊதா நிறமாகி உதிர்ந்தால் பிரித்துப் பாருங்கள், உள்ளே சின்னப் புழு இருக்கும். தாக்கிய மொட்டைக் கிள்ளி எடுத்து அழிப்பதுதான் வீட்டுத் தோட்டத்துக்குச் சரியான வழி. வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கலாம். ஆனால் பூவைக் கொழுப்பில் போடப் போகும் மாதத்தில் அடிக்காதீர்கள். வேப்பெண்ணெய் வாடை கொழுப்பில் ஏறிவிட்டால் எதைச் சேர்த்தும் மறைக்க முடியாது. சீசனுக்கு முன்பே, கவாத்து முடிந்து தளிர் விடும் நேரத்தில் அடித்து முடித்துவிடுங்கள்.

பறிக்கும் நேரம் வியாபாரிக்கு ஒன்று, நமக்கு வேறு. தோட்டத்தில் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கிறார்கள். அது சந்தைக்குப் போய், சரமாகி, சாயங்காலம் விரிய வேண்டும். நமக்கு அந்தப் பயணம் இல்லை. மொட்டு செடியிலேயே பகல் முழுக்கப் பருக்கட்டும். நான்கு மணி வாக்கில், வெயில் இறங்கிய பிறகு பறியுங்கள். அன்றிரவு விரியப்போகும் மொட்டைப் பார்த்ததும் தெரியும்: பச்சைச் சாயல் துளியும் இல்லாமல் வெளுத்து, நுனி உப்பி, விரலால் தொட்டால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். இறுகி, நுனி கூராக இருப்பது நாளைக்கு. மழை பெய்த அன்று பறிக்க வேண்டாம்.

கொழுப்புத் தட்டு

கிராஸில் பன்றிக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் சுத்தம் செய்து, கண்ணாடிச் சட்டத்தில் பூசினார்கள். நமக்குத் தேங்காயெண்ணெய் இருக்கிறது. ஆனால் அது 24, 25 டிகிரிக்கு மேல் உருகிவிடும். மல்லி சீசனோ மார்ச்சிலிருந்து ஜூன் வரை. ஆகவே அதோடு கோகம் வெண்ணெய் சேர்க்க வேண்டும். கோகம் வெண்ணெய் நாற்பது டிகிரியை ஒட்டித்தான் உருகும். சோப்பு செய்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. இரண்டையும் சம எடையில் எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து உருக்கிக் கலந்து ஆறவிடுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், வழியக்கூடாது. வழிந்தால் கோகம் கூட்டுங்கள். கல்லாக இருந்தால் எண்ணெய் கூட்டுங்கள். இங்கே செக்குத் தேங்காயெண்ணெய் உதவாது. அதன் சொந்த மணம் மல்லியைத் தின்றுவிடும். மணம் நீக்கிய சுத்திகரித்த எண்ணெயையே வாங்குங்கள். சமையலில் அதைத் திட்டுகிறவர்கள்கூட இந்த ஒரு வேலைக்கு அதற்கு மரியாதை கொடுக்கலாம்.

விளிம்புள்ள இரண்டு கண்ணாடித் தட்டுகள் எடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்தால் சரியாக மூட வேண்டும். அடித்தட்டில் கொழுப்பை அரை விரல் கனத்துக்குப் பரப்பி, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்துவிடுங்கள். பரப்பு கூடினால் மணம் ஏறும் இடமும் கூடும். பறித்த மொட்டைத் துணியில் பரப்பி அரை மணி நேரம் ஈரம் உலர விடுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டு, மொட்டைக் கொழுப்பில் லேசாகப் பதிய வையுங்கள். அழுத்திப் புதைத்தால் விரியாது. ஒன்றோடொன்று இடிக்காமல் நெருக்கமாக நிரப்பி, மேல் தட்டைக் கவிழ்த்து, வீட்டில் ஆகக் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். தண்ணீர்ப் பானையின் அடியில் போடும் ஈர மணலில் தட்டை வைத்தால் இன்னும் நல்லது. ஃபிரிட்ஜ் வேண்டாம். குளிரில் மொட்டு விரியாது; சாம்பார் வாடையைக் கொழுப்பு சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும்.

இரவு ஒன்பது மணிக்குத் திறந்து பாருங்கள். எல்லாம் விரிந்திருக்கும், மேல் தட்டின் உள்பக்கம் பனி கோத்திருக்கும். அந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி மூடுங்கள். காலையில் தட்டைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினால் பாதிப் பூ விழும். மீதியைச் சாமணத்தால் எடுங்கள். பழுப்பேறிய ஓர் இதழ்கூட மிச்சம் இருக்கக்கூடாது. அது அழுகினால் மொத்தக் கொழுப்பும் புளிக்கும். சாயங்காலம் புது மொட்டு. அதே கொழுப்பு.

இப்படியே தொடர வேண்டும். கிராஸில் ஒரு சீசன் முழுக்க, முப்பது தடவைக்கு மேல் பூ மாற்றினார்கள். வீட்டில் பதினைந்து, இருபது தடவையாவது மாற்றினால்தான் தோலில் பூசும்போது தெரியும். முதல் வாரத்தில் வெறும் கொழுப்பு மாதிரிதான் இருக்கும், மனம் தளர வேண்டாம். தினமும் ஒரு தட்டு நிரப்ப மூன்று நான்கு செடிகள் வேண்டும் என்பதை இப்போதே கணக்கில் வையுங்கள். ஒரு நாள் மொட்டு குறைந்தால் தட்டின் பாதியை மட்டும் நிரப்புங்கள், மறுநாள் மறுபாதி. முடிந்ததும் கொழுப்பை மிக இளஞ்சூட்டில் உருக்கி, மல் துணியில் வடிகட்டி, உயரமான கண்ணாடிக் குவளையில் அசையாமல் விடுங்கள். பூவிலிருந்து இறங்கிய நீர் அடியில் தங்கும். மேலே இறுகியதை மட்டும் எடுத்துச் சின்ன டப்பிகளில் அடையுங்கள். இதையே மணிக்கட்டில் தடவிக்கொள்ளலாம். வேறு எதுவும் சேர்க்கத் தேவையில்லை.

வடக்கே, உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் பக்கத்தில், கொழுப்புக்குப் பதில் எள்ளைப் பயன்படுத்தினார்கள். தோல் நீக்கிய எள்ளை ஓர் அடுக்கும் மல்லிகையை ஓர் அடுக்குமாகப் பரப்பி, பூவை மாற்றி மாற்றி வைத்து, மணம் ஏறிய எள்ளைச் செக்கில் ஆட்டிப் பூந்தைலம் எடுப்பார்கள். நம் ஊர் மரச்செக்கில் ஒரு கிலோ எள்ளை ஆட்டித்தர மாட்டார்கள் என்பதுதான் சிக்கல். மேஜை மேல் வைக்கும் சின்ன எண்ணெய் பிழியும் மெஷின் உள்ள வீடுகளில் தாராளமாகச் செய்து பார்க்கலாம். தலைக்கு வைக்கும் எண்ணெயாக இதற்கு ஈடு கிடையாது.

நிலச்சம்பங்கிக்கும் இதே தட்டுதான். மாலைக்குத் தொடுக்கும் ஒற்றை ரகக் கிழங்கு வாங்குங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் ரகம் நன்றாக வருகிறது. ஜூன், ஜூலையில் ஊன்றினால் மூன்று மாதத்தை ஒட்டித் தண்டு கிளம்பும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். தண்டில் கீழிருந்து மேலாகப் பூ விரியும், விரியப்போகும் இரண்டு மூன்றை மட்டும் தினம் சாயங்காலம் கிள்ளுங்கள். மல்லியும் சம்பங்கியும் ஒரே தட்டில் வேண்டாம். சம்பங்கி அடக்கிவிடும்.

பன்னீர் ரோஜாவும் இட்லிப் பானையும்

ரோஜாவின் மணத்தில் ஒரு பெரும்பகுதி நீரில் கரையும் தன்மையுடையது. எண்ணெய் எடுப்பவருக்கு அது நஷ்டம், நமக்கு லாபம். பன்னீர் அதனால்தான் அவ்வளவு மணக்கிறது.

நர்சரியில் நூறு வகை இருக்கும். தொண்ணூறுக்கு மணமே இருக்காது. பட்டன் ரோஸ், கண்ணைப் பறிக்கும் பெரிய ஒட்டு ரகங்கள் எல்லாம் இதற்குப் பயனில்லை. "அண்ணே, மாலை கட்டுற பன்னீர் ரோஸ் இருக்கா?" என்று கேளுங்கள். வெளிர் சிவப்பில், இதழ் மெலிந்து, பறித்த சில மணி நேரத்தில் கொட்டிவிடும் அந்தப் பழைய ரோஜாதான் வேண்டும். இதைக் குச்சி ஊன்றியே வளர்க்கலாம். பென்சில் கனத்துக் கிளையை முக்கால் சாண் வெட்டி, மழைக்காலத்தில் நிழலில் ஊன்றினால் வேர்விடும். ஒட்டுச் செடி வாங்கினால் ஒட்டுக்குக் கீழே முளைக்கும் போத்தை அவ்வப்போது ஒடித்துவிடுங்கள். இல்லையென்றால் நாளடைவில் காட்டு ரோஜாதான் மிஞ்சும். மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். காய்ந்த நுனியைப் பச்சை தெரியும் இடம் வரை வெட்டுங்கள்.

இதைப் பறிக்க விடியற்காலைதான். வெயில் ஏற ஏற மணம் காற்றில் போய்விடும். பதினொரு மணிக்குப் பறித்த ரோஜா வடிப்பதற்கு வீண். பறித்த அன்றே வடிக்க வேண்டும்.

இட்லிப் பானையின் நடுவில் ஒரு சின்ன முக்காலியோ கவிழ்த்த கிண்ணமோ வையுங்கள். அதன் மேல் ஓர் எவர்சில்வர் கிண்ணம், இதுதான் பன்னீர் சேரும் இடம். சுற்றிலும் இதழைப் போட்டு, இதழ் மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். மூடியைத் தலைகீழாக, குமிழ் உள்பக்கம் பார்க்கும்படி கவிழ்த்து, மேலே ஐஸ் கட்டி போடுங்கள். சிறு தீ. எழும் ஆவி குளிர்ந்த மூடியில் பட்டு, குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். ஐஸ் உருகினால் மொண்டு எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். தண்ணீர் வற்றினால் இதழ் தீய்ந்து எல்லாம் கெட்டது, கூடவே நில்லுங்கள். முதலில் விழுவதுதான் மணம் மிகுந்தது. அவ்வப்போது ஒரு சொட்டை முகர்ந்து பாருங்கள். வெறும் வெந்நீர் வாடை வந்ததும் அடுப்பை அணையுங்கள். ஆசையில் இன்னும் கொஞ்சம் என்று விட்டால் நல்ல பன்னீரும் நீர்த்துப்போகும். குக்கரில் குழாய் மாட்டி வடிக்கும் வித்தையைச் சிலர் செய்கிறார்கள். இதழ் போய்க் குழாயை அடைத்தால் குக்கர் வெடிக்கும். வேண்டாம்.

வடித்த பன்னீரை, வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

எலுமிச்சைப்புல்லையும் இதே பானையில் வடிக்கலாம். சொல்லப்போனால் வடித்துப் பழக அதுதான் ஏற்ற செடி, தோற்கவே தோற்காது. நட்ட மூன்று மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும். அறுத்த புல்லை ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, நறுக்கிப் போட்டால் வடிந்த நீரின் மேல் எண்ணெய்த் திவலை மிதப்பதைக் கண்ணால் பார்க்கலாம். கேரளத்தின் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஓடி-19, அதாவது சுகந்தி ரகம், எண்ணெய்க்கென்றே தேர்ந்தெடுத்தது. அந்த எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் சிட்ரால் என்ற பொருள். சிலருக்குத் தோல் எரியும். நேரடியாகத் தடவ வேண்டாம்.

வெட்டிவேர்: ஒரு வருடம் பொறுத்தால்

பூ மணம் சீக்கிரம் பறந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்த அடியில் ஒரு கனமான மணம் வேண்டும். நமக்கு வாய்த்தது வெட்டிவேர். கடலூர் கடற்கரை மணலில் இதைப் பயிராகவே செய்கிறார்கள். ஏன் மணலில் என்றால், வேர் நீளமாக இறங்கவும், தோண்டும்போது அறாமல் வரவும், கழுவச் சுலபமாக இருக்கவும்தான். மாடியில் அந்த மணலை நாம் சாக்கில் கொண்டுவர வேண்டும்.

வேர் இறங்க ஆழம் வேண்டும், ஆகவே சாதாரணத் தொட்டி உதவாது. கழுவிய சிமெண்ட் சாக்கோ இரண்டடிக்கு மேல் உயரமுள்ள பையோ எடுத்து, மணல் இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு நிரப்புங்கள். தூரிலிருந்து பிரித்த நாற்றில் இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, சாக்குக்கு இரண்டு நடுங்கள். முதல் மாதம் தவறாமல் தண்ணீர். பிறகு அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். பூச்சி, நோய் என்று எதற்கும் உங்களைக் கூப்பிடாது. இலை சாய்ந்து பாதையை அடைத்தால் வெட்டிவிடுங்கள், வேர் இன்னும் பருக்கும்.

ஒரு வருடத்துக்கு முன்னால் தோண்ட வேண்டாம். இளம் வேரில் பச்சை வாடைதான் இருக்கும், எண்ணெய் கம்மி. பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதத்துக்குள் எடுப்பது சரி; அதற்கு மேல் விட்டால் வேர் முரடாகும். எடுக்கும் நாளில் சாக்கைப் பக்கவாட்டில் கிழித்து, குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு மணலைக் கரையுங்கள். பொன்னிறத்தில் சடையாக வேர் வெளிவரும். அரிவாளால் தூரோடு வெட்டி, நிழலில் காயவையுங்கள். தூரைப் பிரித்து அடுத்த சாக்கில் நட்டுவிடலாம். இனி நாற்றுக்குச் செலவில்லை.

இதை வடிக்க நினைக்காதீர்கள். ஆலைகளில் ஒரு நாள் முழுக்க ஆவி பாய்ச்சித்தான் எடுக்கிறார்கள். வீட்டில் எரிவாயுவுக்குக் கட்டுப்படி ஆகாது. ஊறல்தான் வழி. காய்ந்த வேரை விரற்கடை அளவில் நறுக்கி, உரலில் இடித்து நார்நாராக்கி, கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு போட்டு, ஹொஹோபா எண்ணெயோ மணம் நீக்கிய தேங்காயெண்ணெயோ மூழ்க ஊற்றுங்கள். ஹொஹோபா விலை அதிகம்தான். ஆனால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது என்பதால் கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும். ஜாடியை வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து, இரண்டு மூன்று வாரம் இருட்டில் வையுங்கள். நடுவில் இரண்டொரு தடவை மறுபடி வெந்நீரில் வையுங்கள். வடிகட்டி, அதே எண்ணெயில் புது வேர் போட்டு இன்னொரு முறை ஊறவைத்தால்தான் மணம் அழுத்தமாக வரும்.

தோட்டத்தில் களையென்று பிடுங்கி எறியும் கோரையின் கிழங்கையும் கழுவி, காயவைத்து, இடித்து இதே முறையில் ஊறவைக்கலாம். மண்ணும் மரமும் கலந்த மணம். காசில்லாமல் கிடைக்கிறது, விட வேண்டாம்.

இலைகள்

மரிக்கொழுந்து குளிர்காலப் பயிர். விதை தூசியளவுதான் இருக்கும், சீக்கிரம் முளைப்புத்திறனும் போய்விடும். பழைய விதையை வாங்கி ஏமாறாதீர்கள். மணலோடு கலந்து நவம்பரில் தூவி, மேலே மண் போடாமல் பூவாளியால் மெல்லத் தெளியுங்கள். மூன்றரை, நான்கு மாதத்தில் சின்ன மஞ்சள் மொட்டு தலைகாட்டும். அப்போது அடியோடு அறுக்க வேண்டும். பூ முழுக்க விரியக் காத்திருந்தால் மணம் இறங்கிவிடும். ஏப்ரல் வெயில் வந்தால் செடி தங்காது. ஒரு நாள் நிழலில் வாடவிட்டு எண்ணெயில் ஊறவைத்தால் பழச்சாயலோடு ஒரு மணம் வரும். ஒவ்வொருவர் தோலில் ஒவ்வொரு மாதிரி மணக்கும் என்று வாசனைத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இதைப் பற்றித்தான்.

பச்சௌலிக்கு நிழல்வலையின் அடிப்பகுதி போதும். நுனிக் குச்சியை ஊன்றினால் வளரும். வேர்முடிச்சு நூற்புழுதான் எதிரி. மண்கலவையில் வேப்பம் புண்ணாக்கைக் கொஞ்சம் தாராளமாகவே சேருங்கள். ஐந்தாறு மாதத்தில் இலை பறிக்கலாம். பச்சையாக முகர்ந்தால் ஏமாற்றமாக இருக்கும். மூன்று நான்கு நாள் நிழலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்துக் காகிதப் பையில் வைத்தால் மணம் கிளம்பும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன இந்தியச் சால்வைகளின் மடிப்பில் பூச்சி அரிக்காமலிருக்க வைத்தது இந்த இலையைத்தான்.

துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் சுலபமாக வளரும். ஆனால் எண்ணெயில் மருந்து வாடையே முந்தும். ஒரு சிட்டிகைக்கு மேல் உதவாது. லாவண்டரைச் சமவெளியில் யார் விற்றாலும் வாங்காதீர்கள், நம் புழுக்கத்தில் அது நிலைக்காது. ஜெரேனியமும் ரோஸ்மேரியும் கொடைக்கானல், ஊட்டிக்காரர்களுக்கு. சந்தனக் கன்று நடுவதில் தப்பில்லை. ஆனால் அது பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சி வளரும் மரம், வைரம் பாய ஆண்டுகள் பல ஆகும், வெட்டுவதற்கு வனத்துறை அனுமதியும் வேண்டும்.

கலக்கும்போது

ஸ்பிரேயாகச் செய்ய எத்தனால் வேண்டும். தமிழ்நாட்டில் அதை உரிமம் இல்லாமல் வாங்க முடியாது. அதற்குப் பதிலாக மருந்துக்கடை ஸ்பிரிட், பெயிண்ட் கடைச் சரக்கு என்று போக வேண்டாம். முதலாவதன் நெடி எல்லாவற்றையும் கெடுக்கும், இரண்டாவதில் மெத்தனால் இருந்தால் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். எண்ணெயும் கொழுப்புமே நமக்குப் போதும். நம் ஊர் வியர்வைக்கு அதுதான் நின்றும் பிடிக்கும்.

எந்த அளவில் கலப்பது என்று திகைப்பவர்கள் கதம்பம் கட்டுகிறவரின் கையைக் கவனிக்கலாம். கை நிறைய மல்லி, இடையிடையே ஒரு கிள்ளு மரிக்கொழுந்து. மல்லிக் கொழுப்பு ஐந்து பங்கு, வெட்டிவேர் எண்ணெய் இரண்டு, மரிக்கொழுந்து எண்ணெய் ஒன்று என்று தொடங்குங்கள். இளஞ்சூட்டில் உருக்கிக் கலந்து ஒரு வாரம் மூடி வையுங்கள். கலந்த உடனே முகர்ந்து முடிவு செய்ய வேண்டாம், மணங்கள் ஒன்றோடொன்று சேர நாள் பிடிக்கும். கெட்டியாக வேண்டுமென்றால் நாற்பது கிராம் எண்ணெய்க்குப் பத்து கிராம் தேன்மெழுகு. கோடையில் கைப்பையில் வைத்தாலும் உருகாது.

யாருக்குக் கொடுப்பதானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு தடவி, ஒரு நாள் முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அவருக்கு அது வேண்டாம். கைக்குழந்தைக்குத் தடவ வேண்டாம். எலுமிச்சை, நாரத்தைத் தோலைப் பிழிந்த எண்ணெயைச் சேர்த்திருந்தால் தடவிக்கொண்டு வெயிலில் போகக்கூடாது. பட்ட இடம் கருத்துப் புண்ணாகும்.

டப்பியின் மேல் பூவின் பெயரையும், தட்டில் முதல் பூ போட்ட தேதியையும், எத்தனை தடவை மாற்றினீர்கள் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த சீசனில் மணம் குறைந்ததா கூடியதா என்று ஒப்பிட அந்தக் கணக்கு வேண்டும். கண்ணாடி டப்பி, இருட்டு அலமாரி, இறுகிய மூடி. பழைய கடலை எண்ணெய் மாதிரி ஒரு வாடை தட்டினால் அதைத் தோலில் பூச வேண்டாம். சின்னத் துணியில் முடிந்து பட்டுப்புடவை இல்லாத அலமாரித் தட்டில் போட்டுவிட்டு, நவம்பர் கவாத்துக்குக் கத்தரியைத் தீட்டி வையுங்கள்.